ஒரு சப்வூஃபர், இரண்டு பாக்ஸ்: ஸ்விஃப்ட் டிக்கியில் நான் பட்ட பாடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். காரில் சப்வூஃபர், அதாவது பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர், வைக்கப்போகிறீர்கள், சின்ன கார், கேட்பது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டு, டிக்கியில் பை வைக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும் என்றால், கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரெடிமேடு போர்ட்டட் பாக்ஸை, அதாவது காற்று போய்வர ஒரு குழாய் (போர்ட்) வைத்த பெட்டியை, வாங்காதீர்கள். மரநாரை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் அளவு சொல்லி, முழுக்க மூடிய ஒரு சீல்டு பாக்ஸ் அடித்துக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் ஒரே காரில், ஒரே சப்வூஃபரில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். முதல் பாக்ஸுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

கார் 2019 மாடல் ஸ்விஃப்ட். டிக்கி 268 லிட்டர், அதாவது இரண்டு பெரிய பை வைத்தாலே நிரம்பிவிடும். சென்னையில் கார் ஆடியோ என்றால் எல்லோரும் போகும் இடம் ஜி.பி. ரோடு, நானும் அங்கேதான் போனேன். 12 அங்குல சப்வூஃபர், ஒரு மோனோபிளாக் (ஒரே சேனல்) ஆம்ப், பாக்ஸ், வயரிங் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். கடைப் பெயர் வேண்டாம், அவர் ஒன்றும் தனியாக என்னை ஏமாற்றவில்லை, அந்த வரிசையில் முக்கால்வாசிக் கடைகளில் இதே பாக்ஸைத்தான் பார்த்தேன். "சீல்டு பாக்ஸ் இருக்கா?" என்று கேட்டதற்கு, "சார், போர்ட் வச்சாத்தான் சார் அதிரும், சீல்டெல்லாம் யாரும் கேக்கறதில்ல" என்றார். எனக்கும் அதிர வேண்டும் என்றுதான் இருந்தது, சரி என்று மாட்டிவிட்டேன்.

முதல் வாரம் சொர்க்கம். குத்துப் பாட்டு போட்டால் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவது வாரம் பழைய பாட்டுக்கு வந்தேன், அங்கேதான் பிரச்சினை. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் சும்மா தாளத்துக்குத் துணையாக நிற்காது, பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாக நடந்துபோகும். அந்த நடையைக் கேட்கத்தான் நான் சப்வூஃபரே வாங்கினேன். ஆனால் காரில் கேட்டால் கிட்டார் எந்த சுரத்துக்குப் போனாலும் வெளியே வருவது ஒரே "தூம்". ஒரு சுரம் மட்டும் காது அடைக்கிற மாதிரி வருகிறது, அதற்கு அடுத்த சுரம் ஆளையே காணோம். ஆம்பில் கெயினைக் குறைத்தேன், சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லையை வைக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸிலிருந்து 70-க்கு இறக்கினேன், ஈக்வலைசரில் விளையாடினேன். தூம் கொஞ்சம் சின்ன தூம் ஆனதே தவிர வேறு எதுவும் நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்ஸை வெளியே எடுத்து, ஸ்குரூ கழற்றி, டேப்பை வைத்து அளந்தேன். பலகை 12 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. கையால் தட்டினால், பழுத்த தர்ப்பூசணியைத் தட்டுகிற மாதிரி, டம்மென்று ஒரு பதில். உள்ளே நிகரக் கொள்ளளவு ஏறத்தாழ 32 லிட்டர். போர்ட் என்பது 3 அங்குல விட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், நீளம் வெறும் 10 செ.மீ. இந்த மூன்று எண்ணையும் கணக்கில் போட்டால் அந்தப் பாக்ஸ் டியூன் ஆகி இருக்கும் இடம் 51, 52 ஹெர்ட்ஸ். என் மர்மம் அப்போதே விடுபட்டது.

காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதிப் பார்த்திருப்பீர்கள், ஊம் என்று ஒரே சுரம் வரும், எவ்வளவு பலமாக ஊதினாலும் அதே சுரம்தான். கழுத்தில் இருக்கும் காற்று ஒரு எடை, உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங், இரண்டும் சேர்ந்து தனக்கென்று ஒரு அதிர்வெண்ணில் ஆடும். போர்ட்டட் பாக்ஸும் அந்தப் பாட்டில்தான். டியூன் செய்த அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் சப்வூஃபரின் கோன் (முன்னும் பின்னும் ஆடும் முகப்பு) கொஞ்சமாக அசையும், சத்தத்தை போர்ட்டே பார்த்துக்கொள்ளும், அதனால் கூடுதல் சத்தம் இலவசம். சரியான இடத்தில் டியூன் செய்தால் இது வரம்தான். ஆனால் பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளைப் பாருங்கள்: விரல் வைத்து அழுத்தாமல் மீட்டினால் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். என் பாக்ஸ் 52-ல் உட்கார்ந்துகொண்டு, இரண்டாவது கம்பிக்குப் பக்கத்தில் வருவதை எல்லாம் கத்த வைத்தது, முதல் கம்பிக்கு இறங்கினால் கைவிட்டது. கைவிடுவது என்றால் சும்மா இல்லை. டியூனிங்குக்குக் கீழே போர்ட்டட் பாக்ஸின் சத்தம் ஒரு ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபெல் என்று சரியும், சீல்டு பாக்ஸில் அது 12 தான். அதைவிட மோசம், அந்த இடத்தில் கோனைப் பிடித்துக்கொள்ள பாக்ஸில் காற்றே இல்லாத மாதிரி ஆகிவிடும், அது இஷ்டத்துக்கு ஆடும். புதுப் பாட்டு ஒன்றில் அடிமட்ட பேஸ் இறங்கும்போது டக், டக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக்கியில் ஸ்பேனர் உருளுகிறது என்றே நினைத்திருந்தேன். கோனோடு ஒட்டியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது வாய்ஸ் காயில், பின்னால் போய் இடிக்கும் சத்தம் அது. ஆம்பில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிட சப்சானிக் ஃபில்டர் என்று ஒரு திருகு இருக்கிறது, போர்ட்டட் பாக்ஸ் என்றால் அதைக் கட்டாயம் வைக்க வேண்டும். எனக்கு மாட்டிக் கொடுத்தவர் அதைத் தொடவே இல்லை.

அந்தக் குழாயை 28 செ.மீ.க்கு நீட்டினால் 35 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், அதையே செய்திருக்கலாமே என்று கேட்கலாம். யோசித்தேன். 3 அங்குலக் குழாய் 12 அங்குல சப்வூஃபருக்குப் பத்தாது, காற்று அதில் அவ்வளவு வேகத்தில் போய்வந்தால் புஸ், புஸ் என்று பாட்டோடு சேர்ந்து அதுவும் பாடும். பெரிய குழாய் போட்டால் நீளமும் கூடும், நீளம் கூடினால் பாக்ஸுக்குள் இடம் போதாது. அதோடு அந்த 12 மி.மீ. போர்டின் மேல் எனக்கு மரியாதையே போய்விட்டது.

அப்புறம்தான் சப்வூஃபரோடு வந்த தாளை எடுத்துப் படித்தேன். எல்லோரும் இதைத்தான் கடைசியில் செய்கிறோம். வெளி அட்டையில் 1400 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், உள்ளே தாளில் 300 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் பவர்) என்று பொடி எழுத்தில் இருக்கும், அந்தப் பொடி எழுத்துதான் உண்மை. அதே தாளில் இன்னும் சில எண்கள் இருக்கும், பாக்ஸ் தேர்ந்தெடுக்க அவைதான் வேண்டும். தீல், ஸ்மால் என்று இரண்டு பேர் 1960-களிலும் 70-களிலும் போட்ட கணக்கு இது, இன்றும் உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. என் சப்வூஃபரில் எஃப்.எஸ். (பெட்டி இல்லாமல் கோன் தானாக ஆடும் அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், கியூ.இ.எஸ். (காந்தமும் காயிலும் அந்த ஆட்டத்தை அடக்குவதைக் காட்டும் எண்) 0.50, கியூ.டி.எஸ். (மொத்த அடக்கத்தைக் காட்டும் எண்) 0.45, வி.ஏ.எஸ். (கோனின் ஸ்பிரிங் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) 60 லிட்டர். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 56 வரும். 50-ஐ ஒட்டியோ கீழேயோ வந்தால் சீல்டு, 100-ஐ ஒட்டியோ மேலேயோ வந்தால் போர்ட்டட், நடுவில் வந்தால் உங்கள் இஷ்டம் என்பது பொதுவான கட்டைவிரல் கணக்கு. வேதவாக்கு இல்லை, ஆனால் கடைக்காரர் சொல்வதைவிட நம்பலாம். 56 என்றால் என் சப்வூஃபர் சீல்டுக்குப் பிறந்தது, அதைப் பிடித்து சோடா பாட்டிலில் போட்டுவிட்டேன்.

சீல்டு பாக்ஸ் என்பது காற்றுப் புகாத பெட்டி, அவ்வளவுதான். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காகி கோனை இழுத்துப் பிடிக்கும். 1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் இதை வைத்துத்தான், அதுவரை பீரோ மாதிரி இருந்த ஸ்பீக்கரைப் புத்தக அலமாரிக்குள் அடங்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். பெட்டி சின்னதானால் ஸ்பிரிங் இறுகும், பேஸ் கொஞ்சம் தூக்கலாகவும் உருண்டையாகவும் வரும். பெரிதானால் இலகும், பேஸ் சமமாக வரும். அந்த இறுக்கத்துக்கு ஒரு எண் உண்டு, 0.7 வந்தால் சமம் என்பார்கள். என் சப்வூஃபருக்கு 0.7 வேண்டுமானால் 41 லிட்டர் பெட்டி தேவை. எனக்கு டிக்கியில் காய்கறிப் பையும் வேண்டும். அதனால் 28 லிட்டர், அதாவது ஒரு கன அடி, எண் 0.79. இந்தச் சமரசத்தில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கொஞ்சம் தூக்கலான பேஸ் யாருக்குக் கசக்கும்?

இப்போது பலருக்கும் தப்பு நடக்கும் இடம். கார்பென்டரிடம் கொடுக்கும் அளவு வெளி அளவா, உள் அளவா என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நான் எழுதிக் கொடுத்தது வெளியில் 50 செ.மீ. அகலம், 38 உயரம், 24 ஆழம். அப்படியே பெருக்கினால் 45 லிட்டருக்கு மேல் வரும், ஆஹா பெரிய பெட்டி என்று தோன்றும். ஆனால் 18 மி.மீ. பலகை இரண்டு பக்கமும் சேர்ந்து ஒவ்வொரு அளவிலும் 3.6 செ.மீ. தின்றுவிடும். மிஞ்சுவது 46.4, 34.4, 20.4, பெருக்கினால் 32.6 லிட்டர்தான். அதில் சப்வூஃபரின் பின்பக்கம் 3 லிட்டர், நடுவில் கொடுக்கும் தாங்குக்கட்டை ஒரு லிட்டர் போனால் 28 சொச்சம். 13 லிட்டர் வெறும் மரத்துக்குப் போகிறது. கடையில் "ஒன்றரை கன அடி பாக்ஸ் சார்" என்று சொன்னால் டேப்பை எடுங்கள். சப்வூஃபரின் ஆழத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், காந்தத்துக்குப் பின்னால் இரண்டு விரல் இடமாவது இருக்க வேண்டும்.

எங்கள் தெருவிலேயே கிச்சன் கப்போர்டு வேலை செய்யும் ஒரு அண்ணன்தான் அடித்துக் கொடுத்தார். சப்வூஃபர் பாக்ஸ் அவர் அடிப்பது அதுவே முதல் முறை. "தம்பி, ஒரு பொட்டிக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்று சிரித்துவிட்டு, மில்லிமீட்டர் பிசகாமல் அறுத்தார். எம்.டி.எஃப். பலகையின் விளிம்பில் நேரடியாக ஸ்குரூ ஏற்றினால் பிஸ்கட் மாதிரி பிளந்துகொள்ளும், முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டு, ஃபெவிகால் தடவி, அப்புறம் ஸ்குரூ. இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது. உள் மூலைகள் எல்லாவற்றிலும் சிலிக்கான் இழுக்கச் சொன்னேன், முழுசாக ஒரு நாள் காயவிட்டேன், அந்த வாடை போகாமல் சப்வூஃபரை மாட்டாதீர்கள். வெளியே கறுப்பு கார்பெட். கூலி, பலகை, கார்பெட், வயர் மாட்டும் டெர்மினல் எல்லாம் சேர்த்து எனக்கு 4,200 ரூபாய் ஆனது. ரெடிமேடு பாக்ஸுக்குக் கொடுத்ததைவிட ஆயிரத்துச் சொச்சம் கூடுதல்.

காற்று கசிகிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. 30 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, மூட்டுகளை ஒட்டிக் கொண்டுபோங்கள். எல்லா இடத்திலும் புகை நேராகப் போனது, டெர்மினல் கப் ஓரத்தில் மட்டும் நடுங்கியது. கழற்றி, ஃபோம் டேப் ஒட்டி, மறுபடி முடுக்கினேன். இன்னொரு சோதனை, ஆம்பை அணைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் கோனின் இரு பக்கமும் வைத்து மெல்ல அழுத்தி விடுங்கள். நல்ல சீல்டு பாக்ஸில் அது அழுத்தத்தை எதிர்க்கும், விட்டால் சோம்பேறித்தனமாக, பெருமூச்சு விட்ட மாதிரி திரும்பி வரும். சடக்கென்று வந்தால் எங்கோ ஓட்டை.

சரி, சத்தம் எப்படி? மாட்டிவிட்டு முதலில் ஓடவிட்டபோது, உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாக இருந்தது. அந்த அதிர்ச்சி இல்லை. பழைய பாக்ஸுக்கு 52 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் கிடைத்த இலவசச் சத்தம் இதில் கிடையாது, அதை ஈடுகட்ட ஆம்பில் இருந்துதான் எடுக்க வேண்டும், 3 டெசிபெல் கூட்ட வேண்டுமானால் பவர் இரண்டு மடங்கு வேண்டும். பார்க்கிங்கில் நின்றுகொண்டு யார் வண்டி அதிகம் அதிருகிறது என்று பார்க்கிற போட்டியில் நான் தோற்பேன். பத்து நிமிடம் கழித்து அதே பழைய பாட்டைப் போட்டேன். கிட்டார் படியேறுவதும் இறங்குவதும் ஒவ்வொரு படியாகக் கேட்டது. ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததுக்கு விரல் வழுக்கிப்போவதுகூடக் கேட்டது. தவில் இருக்கும் பாட்டு ஒன்றில் தொப்பிப் பக்கத்து அடி விழுந்து உடனே அடங்கியது, முன்பெல்லாம் அது அடுத்த அடி வரும்வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

சீல்டு பாக்ஸ் கீழே போகாது என்று பயமுறுத்துவார்கள். வீட்டு ஹாலில் வைத்தால் அது உண்மைதான். கார் வேறு. கார் ஒரு சின்ன மூடிய டப்பா, ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியலையின் பாதி நீளமே காரின் உள் நீளத்தைவிடப் பெரிதாகிவிடும், அப்போது சப்வூஃபர் அலையை அனுப்புவதில்லை, மொத்தக் காற்றையும் அழுத்தி அழுத்தி விடுகிறது. அதனால் கீழே போகப் போக கார் தானாகவே பேஸைத் தூக்கிக் கொடுக்கும், கணக்குப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபெல் அளவுக்கு. சீல்டு பாக்ஸ் இறங்குவதும் அதே 12. அது இறங்க இறங்க இது ஏற்றிவிடும். ஜன்னலும் கதவும் கசிவதால் காகிதத்தில் உள்ளபடி முழுசாகக் கிடைக்காது, ஆனாலும் நிறையவே கிடைக்கிறது. கண்ணாடியை இறக்கினால் பேஸ் பாதி போய்விடுவதும் இதனால்தான். ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய லாபம். டிசையர் மாதிரி செடான் என்றால் பின் சீட் நடுவில் சுவர் மாதிரி நிற்கும், என் நண்பன் வண்டியில் பின் சீட்டைச் சாய்த்தபோதுதான் பேஸே முன்னால் வந்தது.

எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதையும் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு சப்வூஃபர் டிக்கிக் கதவைப் பார்த்து இருந்தபோது நன்றாக வந்தது, சீட்டைப் பார்த்துத் திருப்பினால் வற்றிப்போனது. கதவைப் பார்த்து வைத்ததும் நம்பர் பிளேட் கடகடவென்று ஆட ஆரம்பித்தது, அதற்குப் பின்னால் நாலு துண்டு ஃபோம் ஒட்டினேன், தீர்ந்தது.

போர்ட்டட் பாக்ஸே தப்பு என்று நான் சொல்லவில்லை. சப்வூஃபரின் எண்கள் அதற்கு ஏற்றபடி இருந்து, 50 லிட்டருக்குக் குறையாத பெட்டி, 33, 35 ஹெர்ட்ஸில் டியூனிங், அகலமான ஸ்லாட் போர்ட் (குழாய்க்குப் பதில் நீளமான திறப்பு), ஆம்பில் சப்சானிக் ஃபில்டர் என்று எல்லாம் கூடிவந்தால் அது சீல்டை ஊதித் தள்ளிவிடும். பெரிய எஸ்.யு.வி. வைத்திருந்து, எலெக்ட்ரானிக் பாட்டும் ஹிப்ஹாப்பும் கேட்பவர்கள் அதற்கே போகலாம். நான் குறை சொல்வது எந்தக் கணக்கும் போடாமல் எல்லா 12 அங்குலத்துக்கும் ஒரே பாக்ஸ் என்று விற்பதைத்தான். பேண்ட்பாஸ் என்று கண்ணாடி முகப்பும் லைட்டும் வைத்து ஒன்று விற்கிறார்கள். அதில் சப்வூஃபர் உள்ளே ஒளிந்திருக்கும், வெளியே வருவது போர்ட் வழியாக மட்டும், ஒரு குறுகிய எல்லைக்குள் பயங்கரச் சத்தம். உள்ளே கோன் கதறினாலும் வெளியே கேட்காது, எரிந்த பிறகுதான் தெரியும். வேண்டாம்.

சி.என்.ஜி. வண்டிக்காரர்களுக்கு இந்தக் கதையே பொருந்தாது, டிக்கியில் சிலிண்டர் இருக்கிறது. மைத்துனர் வேகன் ஆர் சி.என்.ஜி.யில் சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குல ஆக்டிவ் சப்வூஃபர் போட்டிருக்கிறார், ஆம்பும் அதற்குள்ளேயே இருக்கும். பயனியர், சோனி, கென்வுட், ஜே.பி.எல். எல்லோரிடமும் இந்த வகை உண்டு. இடுப்பில் அடிக்கும் பேஸ் அதில் வராது, ஆனால் பாட்டுக்கு ஒரு அடித்தளம் கிடைக்கும். பத்தில் ஆறு பேருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

பலகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எம்.டி.எஃப். கனமாக, ஒரே சீராக இருப்பதால் சத்தத்துக்கு நல்லது, ஆனால் தண்ணீர் பட்டால் ரஸ்க் மாதிரி உப்பிவிடும். டிசம்பர் மழையில் டிக்கிக்குள் தண்ணீர் ஏறும் தெருவில் இருந்தால் கொஞ்சம் கூடச் செலவழித்து ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட்டுக்குப் போங்கள். நான் எம்.டி.எஃப்.பின் அடிப்பக்கத்துக்கு மட்டும் இரண்டு கோட் பெயின்ட் அடித்து, ரப்பர் கால் வைத்தேன்.

கடைசியாக, சப்வூஃபரோடு சேர்த்து என் பாக்ஸ் 16 கிலோ. அதைச் சும்மா வைத்துவிட்டுப் போகாதீர்கள், திடீர் பிரேக்கில் அது பின் சீட்டில் இருப்பவர் முதுகுக்குத்தான் வரும். நான் அடியில் இருக்கும் கொக்கியில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறேன், வயருக்குப் பிடுங்கி மாட்டும் பிளக். போன மாதம் திண்டிவனம் தாண்டிப் பஞ்சர் ஆனது. ஸ்டெப்னி பாக்ஸுக்கு அடியில். பெல்ட்டை அவிழ்த்து, பிளக்கைப் பிடுங்கி, பாக்ஸை ரோட்டோரம் இறக்கி வைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டயர் மாற்றி முடிக்கும்வரை என் பையன் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.